ஐந்து மைலுக்குள் ஒரு மலை வீடு

கொடைக்கானலுக்கு வார நாட்களில் நாளொன்றுக்கு 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் கட்டிய வரம்பு 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சுற்றுலா வண்டிகள் ஏறுகின்றன, இறங்குகின்றன. ஆனால் வத்தலக்குண்டிலிருந்து மலைப்பாதையில் முக்கி முனகி ஏறும் செங்கல்லும் சிமெண்டும் கம்பியும் எம்-சாண்டும் ஏறியதோடு சரி, திரும்பி இறங்குவதே இல்லை. அவை மேலேயே சுவராகவும் தளமாகவும் நின்றுவிடுகின்றன. அந்தச் சுமையை யாரும் எண்ணுவதில்லை. மலையில் ஒரு கட்டடம் எப்படி இருந்தால் மலை அதைத் தாங்கும் என்பதை இப்போதாவது பேசியாக வேண்டும்.

கேரளத்தில் வாழ்ந்து மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், காந்தி தன்னிடம் சொன்ன ஒரு கருத்தை வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை: நல்ல வீடு, ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைக்கும் பொருட்களால் கட்டப்பட வேண்டும். கொடைக்கானல் இருக்கும் பழனி மலையில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் என்னென்ன கிடைக்கும்?

முதலில் கல். தாண்டிக்குடி, பேத்துப்பாறைப் பக்கம் போகிறவர்கள் கல்திட்டைகளைப் பார்த்திருப்பார்கள். பலகை பலகையாகப் பிளந்த பாறைகளை நிறுத்தி, மேலே ஒரு பாறையை மூடியாக வைத்த ஈமச் சின்னங்கள். இவற்றைப் பற்றி ஆங்கிலாட், நியூட்டன் என்ற இரு பாதிரியார்கள் எழுதிய நூலை 1928-ல் தொல்லியல் துறை வெளியிட்டது. காரை இல்லை, கம்பி இல்லை. பல நூற்றாண்டு மழையைத் தாங்கி இன்னும் நிற்கின்றன. பிறகு 1845-ல் மதுரையிலிருந்து ஏறிவந்த அமெரிக்க மிஷனரிகள் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். அதற்குப் பின் எழுந்த தேவாலயங்களும் 1901-ல் தொடங்கிய பள்ளியும் இந்த மலையின் கருங்கல்லைத்தான் நம்பின.

அந்தப் பழைய பங்களாக்களை நின்று கவனித்தால் ஒரு பாடம் கிடைக்கும். உயரம் குறைவு, சரிவான கூரை, பனிக்காற்று வரும் பக்கம் சின்ன ஜன்னல், வெயில் வரும் பக்கம் கண்ணாடி போட்ட தாழ்வாரம். கொடைக்கானல் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 10 டிகிரியில் இருக்கிறது. டிசம்பர் நடுப்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்து, அடிவானத்திலிருந்து 56 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தெற்குப் பார்த்த கண்ணாடித் தாழ்வாரத்துக்குள் குளிர்காலப் பகல் முழுக்க வெயில் விழும்; தரையும் சுவரும் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெல்ல விடும். ஜூனில் சூரியன் உச்சிக்கு வடக்கே போய்விடுவதால் அதே தாழ்வாரத்தில் நேர்வெயில் இல்லை. ஹீட்டருக்கு வேலை குறைகிறது. வெயில் படாத கல் சுவர் குளிர்ந்து விறைக்கும் என்பதும் உண்மை. அதனால்தான் வீடு எந்தத் திசை பார்க்கிறது என்பது இங்கே கல்லைவிட முக்கியம். இன்று கட்டப்படும் தங்கும் விடுதிகள் பெரும்பாலும் பள்ளத்தாக்கின் காட்சியைத்தான் பார்க்கின்றன. வெயில் எந்தப் பக்கம் என்று கேட்பதில்லை. மேலே தட்டையான கான்கிரீட் தளம். மூடுபனியும் மழையும் மாறி மாறி வரும் ஊரில் தட்டைத் தளத்தில் தண்ணீர் தேங்கும், பாசி பிடிக்கும், சுவரில் ஓதம் ஏறும்.

அடுத்தது மரம். இங்கேதான் வெள்ளைக்காரர்கள் செய்த பெரிய தவறும் வருகிறது. இந்த மலையின் மேல்தளம் சோலைக்காடும் புல்வெளியும் கலந்தது. அந்தப் புல்வெளியை வெற்று நிலம் என்று கருதி, சீகையும் யூகலிப்டஸும் பைனும் கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் நாம் அதை இன்னும் பெரிதாகச் செய்தோம். 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, 1973 முதல் 2014 வரையிலான நாற்பது ஆண்டுகளில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதைக் காட்டியது. மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி, கோடையிலும் ஓடைகளில் கசியவிடுபவை இந்தப் புல்வெளியும் சோலையும்தான்.

அயல் மரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்காகத் தமிழக அரசு 2022-ல் தனிக் கொள்கையே வெளியிட்டது. அப்படி வெட்டும் மரம் எங்கே போகிறது? விறகுக்கும் காகிதக் கூழுக்கும் போகலாம். ஏன் வீட்டுக்குப் போகக் கூடாது? நன்றாக உலர்த்தி, பூச்சி மருந்து ஏற்றிய பைன் பலகையும் யூகலிப்டஸ் உத்திரமும் கூரைக்கும் தரைக்கும் கதவுக்கும் தாராளமாக உதவும். ஒவ்வொரு உத்திரமும் மலையிலிருந்து ஒரு வேண்டாத மரத்தைக் குறைக்கும், மலைப்பாதையில் இரும்புச் சுமையையும் குறைக்கும். வனத்துறை நினைத்தால்தான் இது நடக்கும்; தனியாள் கோடரி எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது.

மூன்றாவது மண். அஸ்திவாரத்துக்குத் தோண்டும் மண்ணையே சலித்து, நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமெண்ட் சேர்த்து, கையால் இயங்கும் அழுத்து இயந்திரத்தில் கட்டிகளாக அடிக்கலாம். ஆரோவில்லில் உள்ள மண் கட்டடக் கழகம் பல ஆண்டுகளாக இதைக் கற்றுக்கொடுத்து வருகிறது. சூளை வேண்டாம், விறகு வேண்டாம். ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழை பெறும் ஊர் என்பதால் அடியில் இரண்டடி உயரக் கருங்கல் கடைக்காலும் மேலே நன்றாக வெளிநீண்ட இறவாணமும் கட்டாயம்.

பொருள் எதுவானாலும், அது உட்காரும் இடம் தவறானால் எல்லாம் வீண். சமவெளியில் வீடு கட்டிப் பழகியவர் மலையில் மனை வாங்கியதும் முதலில் ஜேசிபியைத்தான் கூப்பிடுகிறார். சரிவை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளி, மட்டமாக ஒரு களம் உண்டாக்குகிறார். வெட்டிய சரிவுக்கு இனி அடியில் பிடிமானம் இல்லை. தள்ளிய மண் பழைய மண்ணோடு ஒட்டாமல் தளர்வாகக் கிடக்கிறது. பெருமழையில் தண்ணீர் இரண்டுக்கும் நடுவே புகுந்ததும் மண் நழுவுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானலைத் தாக்கிய பிறகு மலைச் சாலைகள் எப்படிக் கிடந்தன என்பதை ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மலைக் கிராமங்களின் வீடுகளைப் பாருங்கள். பூம்பாறையில் வயலும் படிப்படி, வீடும் படிப்படி. சரிவு எப்படி இறங்குகிறதோ அப்படியே வீடும் இறங்குகிறது.

மாடிகளின் எண்ணிக்கையில் கொடைக்கானல் நாட்டுக்கே ஒரு முன்மாதிரி வழக்கைத் தந்திருக்கிறது. பிளசண்ட் ஸ்டே ஓட்டலுக்கு விதிகள் இடம்கொடுத்தது இரண்டு தளங்களுக்கு, எழுந்தவை ஏழு. 1994-ல் அரசு விதிவிலக்கு ஆணை தந்தது. பழனி மலைப் பாதுகாப்புக் கழகம் வழக்குத் தொடுத்தது. 1995-ல் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றமும் அதே நிலையை எடுத்தது. பின்னர் வந்த குற்றவியல் வழக்கில் 2000 பிப்ரவரி 2 அன்று முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்குத் தண்டனை அறிவிக்கப்பட்ட நாளில்தான், தருமபுரியில் பேருந்து எரிக்கப்பட்டு வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூவர் உயிரிழந்தார்கள். மேல்முறையீட்டில் அந்தத் தண்டனை ரத்தானது. அரசியல் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. வழக்கு தொடங்கியது மலையில் எத்தனை தளம் கட்டலாம் என்ற கேள்வியில் என்பதுதான் மறந்துபோனது. மறந்ததன் விளைவு, 2019 வாக்கில் விதிமீறிய கட்டடங்களுக்கு நீதிமன்ற உத்தரவுப்படி மறுபடி சீல் வைக்க வேண்டி வந்தது.

கடைசியாகத் தண்ணீர். 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடைகளுக்குக் குறுக்கே அணை கட்டி உருவாக்கியதுதான் கொடைக்கானல் ஏரி. ஏரியைச் சுற்றியுள்ள சரிவுகளில் விடும் கழிவு ஏரிக்கு வருகிறது. ஏரி வழிந்தால் அது வெள்ளி அருவி. நாம் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கும் அதே அருவி. சரிவில் இதற்குத் தீர்வு எளிது: செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் நீரை, ஜல்லி நிரப்பிக் கல்வாழையும் நாணலும் நட்ட பாத்திகளில் படிப்படியாக இறக்கலாம். மோட்டார் தேவையில்லை, சரிவே வேலை செய்யும். குளிரில் நுண்ணுயிர்கள் மெதுவாக இயங்கும் என்பதால் பாத்தியைச் சற்றுப் பெரிதாக அமைக்க வேண்டும். மழைநீரின் கணக்கும் சின்னதல்ல. 100 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு விழுவது சுமார் 1,60,000 லிட்டர். அதில் பாதியைத் தொட்டியில் பிடித்தாலும், சீசன் நேரத்தில் டேங்கர் லாரிக்காகக் காத்திருக்கும் நாட்கள் குறையும்.

‘ஈகோ’ என்று பலகை மாட்டிய விடுதிகள் மலையில் பெருகிவிட்டன. கூரையில் நாலு சோலார் தகடு இருப்பதால் மட்டும் ஒரு கட்டடம் மலைக்கு உகந்ததாகிவிடாது. அடுத்த முறை கொடைக்கானலில் அறை பதிவு செய்யும்போது, வாடகை கேட்கும் முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இந்தக் கட்டடத்துக்கு வரைபட அனுமதி இருக்கிறதா? இதன் கழிவுநீர் எங்கே போகிறது? பதில் சரியாக வராத இடத்தில் தங்காதீர்கள்.