தாய் தகப்பனுக்குப் பிறகு: மனநோயும் உடன்பிறப்புகளும்

மனநோய் பற்றி எழுதுவோர் நோயாளியைப் பற்றி எழுதுகிறார்கள். பெற்றோரின் துயரையும் சொல்கிறார்கள். கூடப் பிறந்தவர்களைத்தான் மறந்துவிடுகிறோம். மனச்சிதைவு நோய் பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்குகிறது. பெற்றோர் மறைந்த பின்னும் நோய் இருக்கும். மிச்சக் காலத்துப் பொறுப்பு சகோதரர் தலையில்தான் விழுகிறது.

புங்குடுதீவின் இறுப்பிட்டியில் இது இன்னும் சிக்கல். யுத்தமும் இடப்பெயர்வும் அத்தீவின் பிள்ளைகளைக் கனடா, சுவிஸ், பிரான்ஸ் என்று சிதறடித்துவிட்டன. அங்கே எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஐந்து பிள்ளைகள், மூவர் வெளிநாட்டில். நோயுற்ற தமையனோடு இருப்பவர் கடைசித் தங்கை மட்டுமே. யாழ்ப்பாணம் வந்து பஸ் மாறி, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவதும் அவர்தான். "காசு அனுப்பீனம், குறை சொல்லேலாது ரீச்சர். அண்ணை எப்பிடி எண்டு கேப்பினம். என்னை ஒருத்தரும் கேக்கிறேல்லை" என்றார்.

இப்படியானவர்கள் சுமப்பவை மூன்று.

முதலாவது பயம்: 'எனக்கும் வருமோ?' பொதுவாக நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இந்நோய் வருகிறது. நோயாளியின் உடன்பிறந்தோரில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு. அதாவது தொண்ணூறு பேருக்கு மேல் வருவதில்லை. 'இரத்தத்தில ஓடுது' என்று கலியாணப் பேச்சைக் குழப்புவோர் இந்தக் கணக்கை அறிய வேண்டும்.

இரண்டாவது கோபம். லண்டனில் ஜோர்ஜ் பிரவுண் குழுவினர் 1972இல் வெளியிட்ட ஆய்வு, வீட்டில் கண்டிப்பும் வெறுப்பும் அளவுமீறிய தலையீடும் கூடினால் நோய் திரும்புவதும் கூடுகிறது என்று காட்டியது. குடும்பமே நோயைக் கொடுத்தது என்பதல்ல இதன் பொருள். களைத்தவர்தான் எரிந்து விழுகிறார். ஆகவே பராமரிப்பவரின் ஓய்வும் நோயாளிக்கு மருந்துதான்.

மூன்றாவது வெட்கம். அது ஒளிக்கச் சொல்லும், கட்டிப்போடவும் சொல்லும். நம்மவர் ஸியாரத்துக்குப் போகும் ஏர்வாடியில், 2001 ஓகஸ்ட் 6 அதிகாலை தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். துஆ கேட்போம்; குளிசையையும் நிறுத்தாதிருப்போம். உடலுக்கும் உள்ளத்துக்கும் சேர்த்தே மருத்துவ நூல் எழுதிய அபூ ஸைத் அல்பல்கீ வாழ்ந்தது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்.

என்ன செய்யலாம்? காசைப் பங்கிடுவதுபோல வேலையையும் பங்கிட வேண்டும். ஒருவர் கிளினிக் திகதியையும் குளிசைக் கணக்கையும் பார்க்கட்டும். ஒருவர் கிழமைக்கொரு தடவை நோயாளியோடேயே கதைக்கட்டும். ஒருவர் லீவில் வந்து ஒரு மாதம் நின்று தங்கையை அனுப்பிவைக்கட்டும். பெற்றோர் இருக்கும்போதே நோயாளியின் காணிப் பங்கை எழுத்தில் பாதுகாத்துக்கொள்ளுங்கள். பொருளைத் தாமே நிருவகிக்க இயலாதவருக்கு உணவும் உடையும் கொடுத்து, நல்ல சொல்லும் பேசும்படி சூரா அந்நிஸா பணிக்கிறது. அவசரத்துக்கு தேசிய மனநல நிறுவனத்தின் 1926 தொலைபேசி இலக்கம் உண்டு.

வெளிநாட்டுச் சகோதரர் அடுத்த முறை எடுக்கும்போது, பராமரிப்பவரின் சுகத்தையும் கேட்கட்டும். அதற்குக் காசு தேவையில்லை.