சபையை விட்டு விலகலாம். ஆலயத்தையும் கொண்டு செல்லலாமா? கேரளத் திருச்சபை வழக்குகள் சொல்வது என்ன?

திருவனந்தபுரம்: கேரளத்தில் ஒரு தேவாலயத்தின் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்ற கேள்வி, நூறு ஆண்டுகளைக் கடந்தும் நீதிமன்றப் படிகளில் நிற்கிறது. எர்ணாகுளம், பாலக்காடு மாவட்டங்களில் உள்ள ஆறு ஆலயங்களை ஆர்த்தடாக்ஸ் தரப்பிடம் ஒப்படைக்குமாறு யாக்கோபிய தரப்புக்கு உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. அதே மாதத்தில், இப்போதுள்ள நிலையே தொடரட்டும் என்றும் கூறியது. 2025 ஜனவரியில் விவகாரம் மீண்டும் கேரள உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டது.

இரு தரப்பினரின் வழிபாட்டு முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். கோட்டயத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கத்தோலிக்கோஸுக்குக் கட்டுப்படுவதா, அந்தியோக்கியாவின் முதுபெரும் தந்தைக்குக் கட்டுப்படுவதா என்பதில்தான் பிளவு. ஆனால் ஞாயிறன்று கதவைத் திறப்பதும், இறந்தவரை அடக்கம் செய்ய அனுமதிப்பதும் இந்த ஒரு கேள்வியைப் பொறுத்தே அமைகின்றன.

பெரும்பான்மை ஏன் செல்லாது?

கோலஞ்சேரி உள்ளிட்ட ஆலயங்கள் தொடர்பான வழக்கில் 2017 ஜூலை 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மலங்கரை திருச்சபையின் ஆலயங்கள் அனைத்தும் 1934-ஆம் ஆண்டு சபை அமைப்புச் சட்டத்தின்படியே நிர்வகிக்கப்பட வேண்டும். யாக்கோபிய தரப்பு 2002-இல் உருவாக்கிக்கொண்ட தனி அமைப்புச் சட்டம் செல்லாது என்று அதில் கூறப்பட்டது. தனிமனிதர் எவரும் சபையை விட்டு வெளியேறலாம். ஆனால் உறுப்பினர்கள் கூடி, பெரும்பான்மையாக வாக்களித்து, ஆலயத்தையே வேறொரு சபைக்கு எடுத்துச் செல்ல முடியாது.

ஓர் ஊரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஒரு பக்கம் நிற்கும்போது மீதிப் பத்துப் பேருக்குச் சாவியா என்று கேட்பது இயல்பே. சட்டத்தின் பார்வை வேறு. ஆலயம் அறக்கட்டளைச் சொத்து. இன்று வழிபடுவோர் அதன் உரிமையாளர்கள் அல்லர், பயனாளிகள். நிலம் கொடுத்தவரும் கல் சுமந்தவரும் எந்த நோக்கத்துக்காகக் கொடுத்தார்களோ அந்த நோக்கத்தை, இன்றைய வாக்கெடுப்பால் மாற்ற இயலாது.

இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு சொல் இடறக்கூடும். மலையாளத்தில் 'இடவக' எனப்படுவதை நாம் 'பங்கு' என்கிறோம். பங்கு என்றாலே பாகம் பிரித்துக் கேட்கும் உரிமையும் நினைவுக்கு வருகிறது. நீதிமன்றங்கள் அப்படிப் பிரிக்க மறுக்கின்றன.

திருவனந்தபுரத்தின் பழைய வழக்குகள்

இந்தத் தர்க்கம் புதிதல்ல. 1889-இல் திருவிதாங்கூர் அரச மேல்முறையீட்டு நீதிமன்றம், சீர்திருத்தத் தரப்பின் மார் தோமஸ் அத்தனாசியோஸுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மூன்று நீதிபதிகளில் ஆம்ஸ்பி மட்டும் மாறுபட்டார். கோட்டயத்தின் பழைய செமினாரியை இழந்த அத்தரப்பே இன்றைய மார்த்தோமா சபை.

அடுத்தது 'வட்டிப்பண வழக்கு'. 1808-இல் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் 8 சதவீத வட்டிக்கு வைக்கப்பட்ட 3,000 நட்சத்திர வராகனின் வட்டியை வாங்கும் உரிமை யாருக்கு? 1913-இல் திருவனந்தபுரம் மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கிய இவ்வழக்கு, தீர்ப்பு மாறி மாறி 1928-இல்தான் முடிந்தது. வட்டிக்கான வழக்கில் செலவான தொகை அந்த வட்டியை விஞ்சியிருந்தாலும் வியப்பதற்கில்லை.

வேறு வழியில் சென்றவரும் உண்டு. மார் இவானியோஸ் 1930 செப்டம்பர் 20 அன்று கொல்லத்தில் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார். 1919-இல் தாமே நிறுவிய பெருநாடு பெதனி ஆசிரமத்தை விட்டுவிட்டுத்தான் வந்தார். அது இன்றும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையிடமே உள்ளது. அவர் தொடங்கிய கத்தோலிக்கப் பிரிவின் தலைமையிடமோ திருவனந்தபுரம் பட்டத்தில் இருக்கிறது.

சட்டமன்றம் தலையிடலாமா?

ஸ்காட்லாந்தில் 1904-இல், இணைப்பை ஏற்காத சிறு குழுவுக்கே சுதந்திரத் திருச்சபையின் சொத்து முழுவதும் சொந்தம் எனப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அத்தனை ஆலயங்களையும் நடத்த அக்குழுவிடம் ஆள் இல்லை. மறுஆண்டே நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிச் சொத்தைப் பகிர்ந்தளித்தது. அமெரிக்காவின் ஐக்கிய மெதடிஸ்ட் சபை 2019-இல் விலகலுக்கென விதியையே வகுத்தது. உரிய தொகையைச் செலுத்தி, 2023 இறுதிக்குள் 7,600-க்கும் மேற்பட்ட ஆலயங்கள் கட்டடத்தோடு வெளியேறின.

கேரளத்திலும் அத்தகைய யோசனை உண்டு. நீதிபதி கே.டி. தாமஸ் தலைமையிலான சட்டச் சீர்திருத்த ஆணையம், ஒவ்வோர் ஆலயத்திலும் பெரும்பான்மையைக் கண்டறிந்து முடிவு செய்யும் வரைவு மசோதாவைப் பரிந்துரைத்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சட்டமன்றம் செல்லாததாக்க முடியாது என்று ஆர்த்தடாக்ஸ் தரப்பு எதிர்த்தது.

நிறைவேறியது ஒன்றே ஒன்று. காயங்குளம் அருகே கட்டச்சிறை போன்ற இடங்களில் உடல்கள் நாள்கணக்கில் அடக்கம் செய்யப்படாமல் காத்திருந்த நிலையில், 2020-இல் கல்லறைச் சட்டம் வந்தது. எந்தத் தரப்பைச் சேர்ந்தவராயினும், குடும்பத்தினர் துயிலும் கல்லறையில் அடக்கம் செய்யப்படும் உரிமையை அது உறுதி செய்கிறது. அந்த ஆலயப் பாதிரியாரின் இறுதிச் சடங்கு வேண்டாம் என்றால், உறவினர்கள் தாங்கள் விரும்பும் பாதிரியாரைக் கொண்டு வேறிடத்தில் அதை நடத்திக்கொள்ளலாம்.