ஏசிக்குள் சேரும் தூசு

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறைக்காற்றையே மேல்பக்கமாக இழுத்து, குளிரவைத்து, கீழ்வழியாக விடுகிறது. படுக்கை விரிப்பின் பஞ்சு, தெருப்புழுதி, தலைமுடி என அறையில் மிதப்பதெல்லாம் அதற்குள் போய்த்தான் ஆக வேண்டும்.

அமெரிக்கப் பொறியாளர் வில்லிஸ் கேரியர் 1902-இல் காற்றைக் குளிரவைக்கும் முறையை வடிவமைத்தது மனிதர் சுகத்துக்காக அல்ல. புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரப்பதத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் இடம் மாறி விழுந்தன. அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்தவே அவரை அழைத்தார்கள். குளிர்ந்த காயிலில் காற்று பட்டதும் அதிலுள்ள ஈரம் நீராகப் படியும். இன்றைய ஏசியிலும் அதுவே நடக்கிறது. தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது: ஈரக் காயிலில் விழுந்த தூசு உதிராது, சேறாக அப்பிக்கொள்ளும்.

அதைத் தடுக்கத்தான் முன்னால் ஃபில்டர் வலை. வலை அடைத்துக்கொண்டால் காயிலுக்குக் காற்று குறையும். அறையின் வெப்பம் வந்து சேராமல் காயில் பூஜ்ஜியம் டிகிரிக்கும் கீழே போய், படிந்த ஈரம் பனிக்கட்டியாகும். பிறகு உருகிச் சுவரில் வழியும். கேஸ் குறைந்தாலும் பனி கட்டும் என்பதால், கேஸ் நிரப்பச் சம்மதிக்கும் முன் ஃபில்டரைப் பார்த்துவிடுங்கள்.

ரிமோட்டில் நிறுத்தினால் போதாது, சுவிட்சையும் அணையுங்கள். முன்மூடியைத் தூக்கினால் வலை கையோடு வரும். தூசு படிந்த பக்கத்தில் குழாயைத் திறந்தால் அழுக்கு கண்ணிகளுக்குள் இன்னும் இறுகும். பின்பக்கமிருந்து நீர் விட்டால் கம்பளிபோலத் திரண்டிருக்கும் தூசு ஒரே படலமாகக் கழன்று விழும். பார்க்கவே திருப்தியாக இருக்கும்! வெயிலில் போட்டால் சட்டம் கோணிக்கொள்ளும். நிழலில் நன்றாக உலர்த்துங்கள். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்தால் நல்லது.

வலைக்குப் பின்னால் தெரியும் மெல்லிய அலுமினியத் தகடுகள் விரலைக் கீறும், தொட்டால் மடங்கும். மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக மட்டும் தடவுங்கள், குறுக்கே வேண்டாம். புழுக்கமான நாளில் ஏசி ஓடியும், காயிலில் படியும் நீரை வெளியேற்றும் ட்ரெயின் பைப்பில் சொட்டு விழவில்லை, உள்ளே சொட்டுகிறது என்றால் பைப்பில் அடைப்பு என்று பொருள்.

காற்று வரும் வாயில் டார்ச் அடித்துப் பார்த்து, உள்ளே சுழலும் புளோவரில் கறுப்பு அப்பியிருந்தால் மெக்கானிக்கை வாட்டர் சர்வீஸுக்கு அழையுங்கள். நீர் பீய்ச்சுவதற்குமுன் மின்பலகை இருக்கும் பக்கத்தை அவர் பிளாஸ்டிக் உறையால் மூடுகிறாரா என்று நின்று கவனியுங்கள்.