ஆயிரம் ரூபாயா, கோர்ட்டுப் படியா?

சோமனூரில் தறிச் சத்தம் கேளாத நேரம் அபூர்வம். இரவு எது, பகல் எது என்பதைச் செவியால் அறிய முடியாத ஊர் அது. அப்படிப்பட்ட ஊரில், தேநீர்க் கடையொன்றில், தறிச் சத்தத்தையும் மிஞ்சி ஒரு வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. வாதாடியவர் இருவரும் நமக்கு வேண்டியவர்கள். மூத்தவர் எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு நெய்து கொடுப்பவர். இளையவர் அவருடைய மனைவியின் தம்பி; நம்மவர் 'குட்டி யானை' என்று செல்லப் பெயரிட்டு அழைக்கிறார்களே, அந்தச் சிறு சரக்கு வண்டியில் பாவு நூலும் துணியும் ஏற்றிச் சென்று பிழைப்பவர்.

ஒரே வாரத்தில் இருவர் கைபேசிக்கும் ஒரே மாதிரியான செய்தி வந்திருந்தது. தலைக்கவசம் அணியாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டிய குற்றத்துக்கு ஆயிரம் ரூபாய் அபராதம்!

இதில் வேடிக்கை என்னவென்றால், மூத்தவர் உண்மையிலேயே தலைக்கவசமின்றிப் போனவர். இளையவரோ அன்றைய தினம் மோட்டார் சைக்கிளைத் தொடவே இல்லை. குட்டி யானையுடன் ஈரோட்டில் இருந்தார். ஆனால் கோர்ட்டுக்குப் போயே தீர வேண்டுமென்று மீசையை முறுக்கியவர் மூத்தவர். பேசாமல் கட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்றவர் இளையவர்!

"ஏனுங்க, ரெண்டு தெரு தள்ளி இருக்கிற நூல் கடைக்குப் போறதுக்குக் கூடவா தலையிலே குடத்தைக் கவுத்திக்கோணும்? நியாயத்தை ஜட்ஜ் முன்னாலேயே கேட்டுப் போடறனுங்க" என்றார் மூத்தவர்.

"மச்சான், நீங்க சும்மா இருங்க. ஒரு நாள் வண்டி நின்னா ஆயிரத்துக்கு மேலே போயிருது. கட்டிப்போட்டு வாங்க" என்றார் இளையவர்.

இருவரும் நம்மைப் பார்த்தார்கள். நாம் வக்கீல் அல்ல. ஆயினும் இவ்விஷயத்தைச் சட்டப் புத்தகத்தைப் புரட்டியே பார்ப்பது என்று அன்றிரவு தீர்மானித்தோம்.

இப்பொழுது நடைமுறையில் உள்ளது 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம். இதற்கு முன் 1914-லும் 1939-லும் இயற்றிய சட்டங்கள் இருந்தன. 2019-ல் இச்சட்டத்தைத் திருத்தியபோது அபராதங்கள் ஒரே தாவாகத் தாவின. நமது மாகாணத்தில் புதிய தொகைகள் 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தன. தலைக்கவசத்துக்கு நூறு ரூபாயாக இருந்தது ஆயிரமாயிற்று. லைசென்ஸ் இன்றி ஓட்டுவதற்கு ஐந்நூறாக இருந்தது ஐயாயிரமாயிற்று. நூறு ரூபாயாக இருந்த காலத்தில் இத்தகைய வாக்குவாதத்துக்கே இடமிருந்திராது. ஆயிரம் என்றவுடன்தான் மனிதன் யோசிக்கத் தொடங்குகிறான். பின்லாந்து தேசத்தில் 1921-லேயே ஓர் ஏற்பாடு செய்தார்கள்: அபராதத்தை அவரவர் வருமானத்துக்குத் தக்கபடி விதிப்பது. இங்கே ஆலை முதலாளிக்கும் ஆயிரம், அவருக்குக் கூலி நெய்பவருக்கும் ஆயிரம்.

அபராதத்தைக் கட்டுவது என்றால் என்ன? சட்டத்தின் 200-வது பிரிவு இதை ஒரு வகை ராஜியாகக் கருதுகிறது. சர்க்கார் நியமித்த அதிகாரியிடம் குறித்த தொகையைச் செலுத்திவிட்டால் அந்தக் குற்றத்துக்காக மேற்கொண்டு வழக்கு இல்லை. கோர்ட்டு இல்லை, வாய்தா இல்லை. இவ்வளவும் பலருக்குத் தெரியும். தெரியாதது வேறொன்று. 2019-ம் வருஷத் திருத்தத்தில் இந்தப் பிரிவுக்கு இரண்டு வால்கள் முளைத்தன. ஒன்று, இப்படி ராஜியாகிவிட்ட குற்றமும் முன் செய்த குற்றமாகவே கணக்கில் நிற்கும். மறுமுறை அதே குற்றம் செய்தால் அது இரண்டாம் முறையாகும். மற்றொன்று, பணம் கட்டியதால் லைசென்ஸைப் பற்றிய நடவடிக்கை நின்றுவிடாது. தலைக்கவசக் குற்றத்துக்கு ஆயிரம் ரூபாயோடு, மூன்று மாதம் லைசென்ஸ் வைத்திருக்கும் தகுதியை இழப்பதும் 194D பிரிவில் கூறப்பட்ட தண்டனை.

இதைப் படித்ததும் நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. தறிக்காரருக்கு மூன்று மாதம் லைசென்ஸ் போனால், பக்கத்து வீட்டுப் பையன் பின்னால் உட்கார்ந்து போகலாம். கௌரவக் குறைவேயன்றி வயிற்றுக்குக் குறைவில்லை. குட்டி யானைக்காரருக்கோ லைசென்ஸ்தான் சோறு. அவரா ஆயிரம் ரூபாயைக் கட்டிச் செய்யாத குற்றத்தை ஏற்றுக்கொள்வது?

மறுநாள் அவரிடம், "தம்பி, செய்தியோடு வந்த படத்தைப் பார்த்தீர்களா?" என்று கேட்டோம். பார்க்கவில்லை. முதலில், வந்த செய்தி மெய்தானா என்பதே கேள்வி. அபராதம் என்று பெயர் சொல்லி, 'இந்தச் செயலியை இறக்கிக்கொள்' என்று அனுப்பி, பாங்கிக் கணக்கைத் துடைத்துவிடும் வஞ்சகர்கள் இன்று ஏராளம். ஆகையால் செய்தியில் உள்ள இணைப்பை அழுத்தாமல், சர்க்காரின் 'பரிவாகன்' தளத்துக்கு நாமே போய் வண்டி எண்ணைக் கொடுத்துத் தேட வேண்டும். தேடினோம். அபராதம் மெய்தான். படமும் இருந்தது. படத்தில் இருந்ததோ ஒரு ஸ்கூட்டர்! நம் இளையவர் வைத்திருப்பது மோட்டார் சைக்கிள். ஸ்கூட்டரின் எண் பலகையில் கடைசி இலக்கத்தின் மீது சேறு படிந்து, மூன்று எட்டாகக் காட்சியளித்தது.

இத்தகைய தவறுகளுக்காக அந்தத் தளத்திலேயே முறையீடு செய்ய இடமிருக்கிறது. வண்டியின் பதிவுச் சான்றின் நகலையும் படத்தையும் சேர்த்துப் போலீஸ் அதிகாரிக்கு மனுவும் கொடுக்கலாம். அது பலிக்காவிட்டால்தான் கோர்ட்டு. அங்கே குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு வழக்குத் தொடுத்தவரைச் சேர்ந்தது. வேகக் குற்றமாயின் சட்டம் இன்னும் ஜாக்கிரதையாக இருக்கிறது. 'அதிவேகமாகப் போனதாக எனக்குத் தோன்றிற்று' என்று ஒரே ஒரு சாட்சி சொல்வதை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிக்கக் கூடாது; கருவி கொண்டு அளந்திருக்க வேண்டும் என்கிறது 183-வது பிரிவு. வேகத்துக்கும் அபாயகரமாக ஓட்டியதற்கும் அப்பொழுதே எச்சரித்திருக்க வேண்டும். அல்லது 14 நாட்களுக்குள் நோட்டீஸோ, 28 நாட்களுக்குள் சம்மனோ வந்திருக்க வேண்டும் என்று 209-வது பிரிவு கூறுகிறது. இதற்கு விலக்குகளும் உண்டு. சம்மன் வந்த பிறகும் நேரில் போகாமல், குற்றத்தை ஒப்புக்கொண்டு கோர்ட்டு குறிப்பிடும் தொகையை மணியார்டரில் அனுப்பலாம். ஒப்புக்கொள்வதை மணியார்டர் கூப்பனிலேயே எழுதலாம் என்ற வாசகம் 208-வது பிரிவில் இருக்கிறது. தாத்தா காலத்துத் தபால்காரர் நினைவுக்கு வருகிறார் அல்லவா?

காமிராவுக்கு அகப்படுவது பெரும்பாலும் வண்டியின் எண்தான். ஆகவே நோட்டீஸ் உடைமையாளர் வீட்டுக்கு வருகிறது. 'நான் ஓட்டவில்லை' என்று அவர் சொன்னால், ஓட்டியவர் யார் என்று அதிகாரி கேட்கும்போது சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு உண்டு. 'ஓட்டியது என் பையன்' என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். பையனுக்குப் பதினெட்டு நிரம்பாவிட்டால், தகப்பனாருக்கு இருபத்தையாயிரம் ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் கிடைக்கலாம். போலீஸார் மட்டும் தப்பினார்களா என்று கேட்பவர்களுக்கு ஒரு சமாசாரம்: சட்டத்தை அமல் நடத்தும் அதிகாரிகளே அதை மீறினால் இரட்டிப்புத் தண்டம் என்று 210B பிரிவு விதிக்கிறது.

நிற்க. மூத்தவர் நம்மை விடவில்லை. "காந்தி மகான் கோர்ட்டுக்குப் போகலீங்களா? அபராதமா கட்டினாரு?" என்று மடக்கினார்.

போனார், உண்மைதான். சம்பாரனில் குடியானவர்களின் கஷ்டத்தை விசாரிக்கச் சென்ற காந்திஜி, வெளியேறும்படி இட்ட உத்தரவை மீறியதற்காக 1917 ஏப்ரல் 18-ந் தேதி மோதிஹாரி கோர்ட்டில் நின்றார். நூறு ரூபாய் ஜாமீன் கேட்டபோது கொடுக்க மறுத்தார். ஆனால் அவர் அங்கே என்ன சொன்னார்? உத்தரவை மீறியது நான்தான் என்று ஒப்புக்கொண்டார். 'ரெண்டு தெருதானே' என்று வாதாடவில்லை! இதை நாம் சொன்னதும் மூத்தவர் தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.

அவருடைய கணக்கு வேறு விதத்திலும் உதைத்தது. கோர்ட்டுக்குப் போகும் நாளில் தறிப் பட்டறையைக் கவனிக்க ஆளில்லை; நின்ற தறிக்குக் கூலியில்லை. வாய்தா ஒன்றோடு முடியும் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. வக்கீல் வைத்தால் அபராதத்தைப் போல் சில மடங்கு அவருக்கே. இவ்வளவுக்கும் முடிவில் சொல்ல வேண்டியது, 'தலைக்கவசம் போடவில்லை' என்பதுதான். அபராதம் அதிகம் என்பது நல்ல வாதமே. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய இடம் சட்டசபை. மாஜிஸ்திரேட்டு அச்சட்டத்தை மாற்ற முடியாது.

மாலையில் மூத்தவர் தளத்தின் வழியாகவே ஆயிரம் ரூபாயைக் கட்டினார். ரசீதை அச்சடித்து வாங்கிப் பட்டறைச் சுவரில், நூல் கணக்கு நோட்டுக்கு மேலே, ஆணியில் மாட்டினார். "இனிமேல் இந்த ஆணியிலே வேறே ரசீது ஏறாது, மாப்பிள்ளை" என்று இளையவரிடம் சொன்னதாகக் கேள்வி. அடுத்த ஆணியில் புதுத் தலைக்கவசம் தொங்குகிறது. விலை ஆயிரத்துக்குச் சற்று அதிகமாம்.

இளையவர் மனுவைக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்ட நகலையும் வாங்கி வந்தார். அதில் அரை நாள் வாடகை நஷ்டம். பதில் இன்னும் வரவில்லை. வராமலே சம்மன் வந்தால், ஸ்கூட்டர் படமும் மோட்டார் சைக்கிளின் பதிவுச் சான்றும் ஒரு மஞ்சள் பையில் தயாராக இருக்கின்றன. அந்தப் பை இப்பொழுது குட்டி யானையின் ஆசனத்துக்கடியில், லைசென்ஸுக்குப் பக்கத்திலேயே கூடப் பிரயாணம் செய்துகொண்டிருக்கிறது.