கிரிப்டோ யூரோவாகும் வழி

ஜெர்மனியில் குடியிருப்பு அனுமதி பெற்று வாழும் வெளிநாட்டவர், பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயத்தை யூரோவாக்க விரும்பினால், பெரும்பாலும் அதை முதலில் ஒரு பரிமாற்றத் தளத்தில் விற்று, கிடைக்கும் தொகையை, ஐரோப்பிய நாடுகளின் வங்கிகளை இணைக்கும் ‘செபா’ என்னும் பணப்பரிமாற்ற முறையில் தம் கணக்குக்கு அனுப்ப வேண்டியிருக்கும். விற்பனை நிமிடங்களில் முடிந்துவிடும். சிக்கல் எழுவது பணம் வங்கிக்கு வந்த பிறகுதான்.

கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்கும் சட்டத்தின்படி, வழக்கத்துக்கு மாறாக வரும் பெருந்தொகையின் மூலத்தை விசாரிப்பது வங்கியின் கடமை என்பதால், நாணயத்தை எப்போது, எந்தப் பணத்தைக் கொண்டு வாங்கினார், அது எந்தெந்தக் கணக்குகள் வழியே நகர்ந்தது என்பதற்கான ஆவணங்களை வாடிக்கையாளர் காட்ட நேரிடும்; காட்ட இயலாதபோது கணக்கு முடக்கப்படவும் கூடும். தாய்நாட்டில் வாங்கிய நாணயத்தோடு குடிபெயர்ந்தவருக்கு, அங்குள்ள தளம் இதற்குள் மூடப்பட்டிருந்தால், இந்தச் சான்றைத் தேடுவதே பெருஞ்சுமை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி வசிப்பவருக்கு அடிப்படை வங்கிக் கணக்கு பெறும் உரிமை உண்டு என்பது ஆறுதலே ஆயினும், அவ்வுரிமை இக்கேள்விகளிலிருந்து விலக்கு அளிப்பதில்லை.

வரி விதியோ, சற்றே வியப்பாக, பொறுமைசாலிகளுக்குச் சாதகமானது. தனிநபர் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்ற நாணயத்தின் இலாபத்துக்கு வருமான வரி இல்லை. அதற்குள் விற்றால், இத்தகைய விற்பனைகளில் ஆண்டு முழுவதும் கிட்டிய இலாபம் 1,000 யூரோவுக்குக் குறைவாக இருந்தால் மட்டுமே 2024 முதல் விலக்கு உண்டு, அவ்வரம்பைத் தொட்டால் முழு இலாபமும் வரிக்கு உட்படும். ஒரு கிரிப்டோவைக் கொடுத்து மற்றொன்றை வாங்குவதும் விற்பனையாகவே கருதப்படுவதால், புதிய நாணயத்துக்கு ஓராண்டுக் கணக்கு அன்றுதான் தொடங்கும். எனவே வாங்கிய நாளைக் காட்டும் பதிவுகளைப் பத்திரப்படுத்துவதோடு, பெருந்தொகை வருமுன்பே வங்கிக்குத் தெரிவித்துவிடுவதும் நல்லது.