"ஏக காலத்தில்": ஒரு வார்த்தைக்குள் மூன்று வருடம்



சென்ற மாதம் ஒரு குழுவின் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் எழுதி முடித்து எல்லோரும் கிளம்பிய பிறகும் ஒரு அக்கா மட்டும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். "என்னக்கா?" என்று கேட்டோம். "எங்க வீட்டுக்காரருக்கு அடிதடி கேசுல மூணு வருஷம், ரெண்டு வருஷம், ஒரு வருஷம்னு தீர்ப்பு ஆயிடுச்சு. ஆறு வருஷம் ஒத்தையில நான் எப்படிச் சமாளிப்பேன்? பெரியவளைப் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்தி மில்லுக்கு அனுப்பலாம்னு இருக்கேன்" என்றார்.

தீர்ப்பு நகல் அவர் பையிலேயே மடித்து வைத்திருந்தது. வாங்கிப் படித்தோம். கடைசிப் பக்கத்தில், தண்டனைகளை 'ஏக காலத்தில்' அனுபவிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வார்த்தையை யாரும் அவருக்கு விளக்கிச் சொல்லவில்லை. நம் குடும்பங்களில் வேறு யாருக்கும் இப்படி ஒரு நிலை வரலாம் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

ஏக காலம் என்றால் என்ன?

மூன்று அடுப்பில் ஒரே நேரத்தில் சோறு, குழம்பு, ரசம் வைக்கிறோம். சோறு வேக அரை மணி நேரம் என்றால் அரை மணியில் சமையலே முடிந்துவிடும். மூன்று நேரத்தையும் கூட்ட மாட்டோம். தண்டனையும் அப்படித்தான். 3 வருடம், 2 வருடம், 1 வருடம் மூன்றும் ஒரே நாளில் தொடங்கி ஒன்றாக ஓடும். பெரிய தண்டனையான 3 வருடம் முடிந்தால் மற்றவையும் முடிந்துவிடும். ஒன்று முடிந்த பின் மற்றொன்று என்று நீதிபதி உத்தரவிட்டால் கூட்டி 6 வருடம்.

ரிமாண்டு நாட்கள் கழியும்

தீர்ப்புக்கு முன்பு அதே வழக்கில் சிறையில் இருந்த நாட்களைத் தண்டனையில் கழிக்க வேண்டும். இது சட்டம். அக்காவின் கணவர் 4 மாதம் ரிமாண்டில் இருந்தவர். ஆக, இனி இருக்க வேண்டியது 2 வருடம் 8 மாதம். நன்னடத்தைக்கும் வேலைக்கும் சிறை விதிப்படி தண்டனைக் குறைப்பு கிடைத்தால் இன்னும் குறையும்.

அபராதத்தில் ஏமாந்துவிடாதீர்கள்

இங்கேதான் பலரும் தவறு செய்கிறோம். "அபராதம் கட்டத் தவறினால் மேலும் 3 மாதம்" என்று தீர்ப்பில் இருக்கும். இந்த மாதங்கள் ஏக காலத்தில் ஓடாது. ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கடைசியில் சேரும். ரிமாண்டு நாட்களையும் இதில் கழிக்க மாட்டார்கள்.

அக்காவின் கணவருக்கு மூன்று பிரிவிலும் சேர்த்து அபராதம் ரூ.2,500. கட்டாவிட்டால் 3 மாதம், 3 மாதம், 1 மாதம் என்று மொத்தம் 7 மாதம் கூடுதல் சிறை! பாதிப் பணம் கட்டினாலும் அந்த அளவுக்கு நாட்கள் குறையும். பணம் கட்டியதும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கட்டவே வழியில்லாத ஏழைக் கைதிகளின் அபராதத்துக்கு உதவ மத்திய அரசு 2023-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அப்போதைய விதிப்படி ரூ.25,000 வரை உதவி உண்டு. சிறை அலுவலகத்தில் கேளுங்கள்.

வெவ்வேறு வழக்கு என்றால்?

இதுவரை சொன்னது ஒரே வழக்கில் பல தண்டனை வந்தால். தனித்தனி வழக்கு என்றால் கணக்கு மாறும். முதல் தண்டனையை அனுபவிக்கும்போது இன்னொரு வழக்கில் தண்டனை வந்தால், முதலாவது முடிந்த பிறகே இரண்டாவது தொடங்கும். சேர்ந்து ஓட வேண்டும் என்றால் நீதிபதி அப்படி எழுதியிருக்க வேண்டும்.

எழுதாவிட்டால் என்ன ஆகும்? உத்தரப் பிரதேசத்தில் மின்சாரப் பொருள் திருடிய 9 வழக்குகளில் ஒருவருக்குத் தலா 2 வருடம் தண்டனை. ஏக காலம் என்று தீர்ப்பில் இல்லை. சிறையில் கூட்டி 18 வருடம் என்று கணக்கிட்டார்கள். உயர் நீதிமன்றமும் கைவிட்டது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம்தான் எல்லாம் ஏக காலத்தில் என்று உத்தரவிட்டு அவரைக் காப்பாற்றியது. ஒரே கடனுக்காகப் பல செக் கொடுத்து, பல வழக்கில் தண்டனை பெற்றவருக்கும் 2013-ல் இதே சலுகையை உச்ச நீதிமன்றம் தந்தது. ஆனால் அபராதத்துக்கான சிறையை அதில் சேர்க்கவில்லை.

ஆயுள் தண்டனையில் இருப்பவருக்கு மட்டும் விதிவிலக்கு. அவருக்குப் பின்னால் வரும் தண்டனை தானாகவே சேர்ந்து ஓடும். இரண்டு ஆயுள் தண்டனையை ஒன்றன்பின் ஒன்றாக விதிக்க முடியாது என்று தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. மனிதருக்கு ஆயுள் ஒன்றுதானே!

நாம் செய்ய வேண்டியவை

1. தீர்ப்பு நகலை வாங்குங்கள். சிறைத் தண்டனை பெற்றவருக்கு அதை இலவசமாகத் தர வேண்டும்.

2. நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை தண்டனை, ஏக காலமா இல்லையா, ரிமாண்டு நாட்கள், அபராதம்.

3. விடுதலைத் தேதியைக் கேட்டு சிறைக் கண்காணிப்பாளருக்கு மனு கொடுங்கள். நம் கணக்கோடு ஒத்துப் பாருங்கள்.

4. வேறு வழக்கும் நிலுவையில் இருந்தால், முதல் தண்டனை பற்றி வக்கீலிடம் முன்பே சொல்லி, ஏக காலம் கேட்கச் சொல்லுங்கள். விட்டுப்போனால் மேல்முறையீட்டிலோ உயர் நீதிமன்றத்திலோ கேட்கலாம்.

5. வக்கீலுக்குப் பணம் இல்லையா? பெண்களுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 15100 என்ற எண்ணிலும் பேசலாம்.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் புதுச் சட்டம் வந்துள்ளது. பழைய 31, 427, 428 ஆகிய பிரிவுகள் இப்போது 25, 467, 468. பிரிவு எண் மாறினாலும் மேலே சொன்ன கணக்கு மாறவில்லை. புதிதாக ஒன்று: ஒரே வழக்கில் பல தண்டனை என்றால், குற்றத்தின் தன்மையைப் பார்த்து, ஏக காலமா, ஒன்றன்பின் ஒன்றா என்று நீதிபதி உத்தரவிட வேண்டும்.

அந்தக் குழு மறுவாரமே தீர்மானம் போட்டு அக்காவுக்கு ரூ.2,500 உள்கடன் கொடுத்தது. 7 மாதம் மிச்சமானது. "ரெண்டே முக்கால் வருஷம்னா பல்லைக் கடிச்சிட்டு ஓட்டிடலாம்" என்றார் அக்கா. பெரியவள் மில்லுக்குப் போகவில்லை, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறாள்.

சகோதரிகளே, அடுத்த கூட்டத்தில் இதை ஒருவர் சத்தமாகப் படியுங்கள். பக்கத்து வீட்டில் யாராவது தீர்ப்புக் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தால், முதலில் அதைப் பிரித்துப் படிக்கச் சொல்லுங்கள்.