பழைய முகம், புது இன்ஜின்: மஸ்டாங்குக்குப் பொருந்தினது மத்ததுக்கும் பொருந்துமா?

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, சற்றே சுருக்கப்பட்டது.)

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் அனுப்பியிருந்தீங்க. மஸ்டாங், சேலஞ்சர், கமாரோ, இந்த மூணும் அறுபதுகள்ல வந்த காரோட முகத்தை வெச்சுக்கிட்டு இன்னைக்கு ஓடுறது அழகா, இல்ல ஐடியா தீர்ந்துபோன அடையாளமா?

அமெரிக்கா போறதுக்கு முன்னாடி தாம்பரத்துல இருந்து கிளம்புவோம். ஜிஎஸ்டி ரோட்டுல செங்கல்பட்டு பக்கமா போனா பெருங்களத்தூர்ல ஐடி கட்டடமும் அடுக்குமாடியுமா ஒரு பெரிய வளாகம் வரும். உங்கள்ல சில பேர் அங்கதான் வேலை பார்ப்பீங்க. அந்த நிலத்துல ஒரு காலத்துல கார் தயாரிச்சாங்க. ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ். ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, கெஸல் எல்லாம் அவங்களோடதுதான்.

அவங்களோட கடைசி கார் ஸ்டாண்டர்ட் 2000. 1985-ல வந்தது. உடம்பு பிரிட்டன்ல 1976-ல அறிமுகமான ரோவர் எஸ்டி1-ஓடது. அதை வரைஞ்ச டேவிட் பாஷ், ஃபெராரி டேடோனாவைப் பார்த்துத்தான் அந்த மூக்கை அமைச்சார். இங்கிலாந்துல அந்த மூக்குக்குள்ள 3.5 லிட்டர் வி8 இருந்தது. அதுவும் பிறப்பால அமெரிக்கன், பியூக்கோட இன்ஜின். உரிமையை ஜெனரல் மோட்டார்ஸ்கிட்ட இருந்து ரோவர் வாங்கியிருந்தாங்க.

பெருங்களத்தூர்ல உள்ள போட்டது என்ன? பழைய ஸ்டாண்டர்ட் வேன்கார்டு காலத்து 2 லிட்டர் நாலு சிலிண்டர் இன்ஜின். நம்ம ரோட்டுக்காக சஸ்பென்ஷனையும் தூக்கிட்டாங்க. ஃபெராரி மாதிரி படுத்திருக்க வேண்டிய கார், வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு தண்ணியில நடக்குறவர் மாதிரி நின்னுச்சு. விலை அதிகம், பெட்ரோலையும் குடிச்சது, ஓட்டத்துல வேகமும் இல்லை. 1988-ல உற்பத்தி நின்னுபோச்சு. ஒரு கம்பெனி மூடுறதுக்குக் காரணம் பல இருக்கும். ஆனா இந்த கார் விக்காம போனது அதுல பெரிய காரணம். அத்தனை பேரோட வேலையும் அதோட போச்சு.

இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, ரெட்ரோவைக் கண்ணாடியில திருப்பிப் பார்த்தா தெரியறது ஸ்டாண்டர்ட் 2000. அதுல உடம்பு புதுசு, உள்ள இருந்தது பழசு. ரெட்ரோல உடம்பு பழசு, உள்ள இருக்குறது புதுசு. ரெண்டுலயும் நாம கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: இந்த உடம்பு என்ன சொல்லுதோ, அதை உள்ள இருக்குறது செய்யுதா?

இப்ப அமெரிக்கா. முதல் மஸ்டாங் 1964 ஏப்ரல் 17 அன்னைக்கு நியூயார்க் உலகக் கண்காட்சியில வெளிவந்தது. நீள பானட், குட்டையான பின்பக்கம். முன்னாடி பெரிய இன்ஜின், பின் சக்கரத்துக்கு பவர், நடுவுல ஓட்டுறவர். உருவமே இதைச் சொல்லிடும். ஆனா ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. அது ஃபோர்டு ஃபால்கன்ங்கிற சாதாரண குடும்பக் காரோட அடித்தளத்துல கட்டினது. அடிப்படை மாடல்ல இருந்தது ஆறு சிலிண்டர். பின் சக்கரத்துக்கு முன்னாடி காத்து வாங்குற வாய் மாதிரி ஒண்ணு இருக்கும் பாருங்க, அதுல காத்தே போகாது. சும்மா டிசைன்! ஆக, நாம இன்னைக்கு "ஒரிஜினல்"னு கும்பிடுறதுலயே பாதி வேஷம். அப்படியும் முதல் வருஷத்துலயே 4 லட்சத்துக்கு மேல வித்துச்சு. காசு சேர்த்து வி8 வாங்கினவருக்கு அந்த உருவம் உண்மையாவும் இருந்தது.

1973-ல எண்ணெய் நெருக்கடி வந்தது. 1974-ல வந்த மஸ்டாங் 2, பின்டோங்கிற சின்ன காரை ஒட்டிச் செஞ்சது. அந்த வருஷம் அதுல வி8 கிடையவே கிடையாது. அப்புறம் வந்த தலைமுறைகளோட முகங்கள்ல பழைய மஸ்டாங்கை நீங்க தேடித்தான் கண்டுபிடிக்கணும். 2005 மாடல்லதான் ஃபோர்டு நேரா அறுபதுகளுக்குத் திரும்பினாங்க. சுறா மூக்கு, மூணு மூணா பின் விளக்கு, 4.6 லிட்டர் வி8, 300 குதிரைசக்தி. இங்க உருவமும் இன்ஜினும் ஒரே பேச்சு பேசுச்சு. பின்னாடி அச்சு மட்டும் பழைய மாதிரி ஒரே தண்டு. அதுதான் எனக்குச் சிரிப்பு: வெளியில ரெட்ரோன்னு நினைச்சா அடியிலயும் ரெட்ரோ! 2015 மாடல்ல அதையும் மாத்தினாங்க. வலது பக்க ஸ்டியரிங்கும் தொழிற்சாலையிலயே போட்டாங்க, அதனாலதான் 2016-ல மஸ்டாங் இந்தியாவுக்கு அதிகாரபூர்வமா வந்தது.

இங்க மறைமலை நகர்க்காரங்க கொஞ்சம் பெருமூச்சு விடலாம். நம்ம ஃபோர்டு தொழிற்சாலையில மஸ்டாங் ஒருநாளும் செஞ்சதில்ல. அது அமெரிக்காவுல மிச்சிகன்ல செஞ்சு இறக்குமதி ஆனது. நாம அமெரிக்காவுக்கு அனுப்பினது ஈகோஸ்போர்ட். 2021 செப்டம்பர்ல இந்தியாவுல உற்பத்தியை நிறுத்துறோம்னு ஃபோர்டு அறிவிச்சாங்க, அடுத்த வருஷம் அந்த கேட்டும் அமைதியாச்சு. 2024-ல ஏற்றுமதிக்காகத் திரும்பி வர்றோம்னு சொன்னாங்க. அது தனி எபிசோடு.

பொருந்தாத ரெட்ரோவுக்கு உதாரணம் வேணுமா? பிளிமத் பிரௌலர், 1997. முன் சக்கரம் வெளியில நீட்டிக்கிட்டு, முப்பதுகளோட ஹாட் ராட் உருவம். ஹாட் ராட்னா என்ன? பழைய காரைப் பிரிச்சு, கிடைச்சதுல பெரிய இன்ஜினைத் திணிக்கிறது. பிரௌலருக்குள்ள இருந்தது குடும்பக் கார்ல வர்ற வி6, அதுவும் ஆட்டோமேட்டிக் கியர் மட்டும். மொத்தமே சுமார் 11,700 கார்தான் செஞ்சாங்க, 2002-ல முடிஞ்சது. நம்ம ஸ்டாண்டர்ட் 2000-க்கு ஒண்ணுவிட்ட அண்ணன்!

சேலஞ்சரும் கமாரோவும் வேற மாதிரி சிக்கல். ரெண்டுலயும் இன்ஜின் குறை சொல்ல முடியாது. ஆனா அந்தக் காலத்துல வரைஞ்ச உருவம் மெல்லிய தூண், பெரிய கண்ணாடி, குரோம் பம்பரை நம்பி நின்னது. இன்னைக்குக் கார் கவிழ்ந்தா கூரை தாங்கணும், அதனால தூண் தடிக்குது. பக்கவாட்டுல இடிச்சாலும் உள்ள இருக்குறவங்க பிழைக்கணும், அதனால கதவு உயருது, ஜன்னல் சுருங்குது. சுருங்கின ஜன்னலுக்கு ஈடா சக்கரத்தைப் பெரிசாக்கணும், இல்லன்னா கண்ணுக்கு ஒட்டாது. 2010 கமாரோ போட்டோவுல அசத்தும். உள்ள உட்கார்ந்தா பதுங்குகுழி. ஓட்டினவங்க திரும்பத் திரும்பச் சொன்ன புகாரே வெளியில தெரியலங்கிறதுதான். வேளச்சேரி சிக்னல்ல இடது பக்கம் புகுந்து வர்ற பைக்கை அதுல இருந்து நீங்க பார்க்கவே மாட்டீங்க. சேலஞ்சரோ 5 மீட்டர் நீளம், கிட்டத்தட்ட ரெண்டு டன்.

இன்னொரு மாட்டல், பழைய முகம் ஒரு தடவைதான் ஆச்சரியப்படுத்தும். 2010 கமாரோ 1969-ஐப் பார்த்து வந்தது. அடுத்து 2016-ல வந்தது 2010-ஐப் பார்த்து வந்தது. நகலோட நகல். சேலஞ்சர், கமாரோ ரெண்டோட உற்பத்தியையும் 2023 முடிவுல நிறுத்தினாங்க. மஸ்டாங் மட்டும் இன்னும் இருக்கு. ஒவ்வொரு தலைமுறையிலயும் பழசுல கொஞ்சத்தை விட்டுட்டே வந்தது அதுக்கு உதவியிருக்குன்னு நான் நினைக்கிறேன்.

விட்டும் விடாமயும் எப்படிப் பண்றதுன்னு பார்க்க மிச்சிகன் போக வேண்டாம். ஒரகடம், வல்லம் வடகால் போதும். அங்க தினமும் ரெட்ரோதான் லாரியில ஏறுது. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, 2009-ல வந்தது. ஐம்பதுகளோட ஹெட்லைட் மூடி, ரெண்டு பக்கமும் குட்டி டைகர் லேம்ப், கண்ணீர்த்துளி டேங்க். 2021-ல இன்ஜின், ஃப்ரேம் எல்லாத்தையும் புதுசாக்கினாங்க. அதிர்வைக் குறைக்கத் தனி பேலன்ஸர் தண்டு வெச்சாங்க. "அந்த டப் டப் போச்சே"ன்னு சில அண்ணன்கள் இன்னும் அழுறாங்க. ஆனா ஒரே சிலிண்டர், குறுகலான விட்டம், நீளமான ஸ்ட்ரோக், இதை விடல. 72 மில்லிமீட்டர் விட்டம், 85.8 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். அந்த இன்ஜின் நெட்டையா நிக்கறதாலதான் வண்டியோட உருவமே அப்படி. நெட்டையா நிக்க வேண்டிய காரணம் இன்னமும் உள்ள இருக்கு.

சரி, காரணமே காணாம போனா? பேட்டரி வண்டிக்கு நீள பானட் எதுக்கு? 2024-ல வந்த எலெக்ட்ரிக் டாட்ஜ் சார்ஜர் அறுபதுகளோட உருவத்துலதான் வந்திருக்கு. சைலன்சர் இல்லாத காருக்குச் செயற்கையா ஒரு உறுமலையும் மாட்டியிருக்காங்க. என்னால அதை ரசிக்க முடியல. தியேட்டர்ல கைதட்டலை ரெக்கார்ட் பண்ணிப் போடுற மாதிரி இருக்கு.

அதே 2024 நவம்பர்ல ராயல் என்ஃபீல்டு ஃப்ளையிங் ஃப்ளீ சி6-ஐக் காட்டினாங்க. இரண்டாம் உலகப் போர்ல பாராசூட்ல இறக்கின குட்டி பைக்கோட பேரு, பழைய பாணி கர்டர் ஃபோர்க். இதுவும் எலெக்ட்ரிக்தான், பழைய முகம்தான். நானும் திட்டத் தயாராத்தான் படத்தைத் திறந்தேன். ஆனா பேட்டரி பெட்டியைப் பாருங்க. பழைய இன்ஜின்ல இருக்குற மாதிரி வரிவரியா துடுப்பு. அது அலங்காரம் இல்ல, பேட்டரியோட சூட்டை வெளியில தள்ளுறதுக்கு.